நான் ஊட்டி வளர்த்த களை

போன கோடையில் நான்கு மாதம், ஆக்லாந்தின் ஒனிஹங்காவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்பக்கத்தில் கஞ்சா வளர்த்தேன். தெரிந்து செய்யவில்லை. தெரியாமல் செய்ததால்தான் அவ்வளவு செழிப்பாக வந்தது என்பது என் கணவரின் கட்சி. அரிசி கழுவிய தண்ணீர், முட்டை ஓடு, வாழைப்பழத் தோல் என்று வீட்டில் மிஞ்சியதெல்லாம் அதற்குத்தான் போனது. மனிதர்களுக்குக்கூட நான் அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை என்று அவர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

நான் வளர்க்க நினைத்தது புளிச்சக்கீரை. நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். பகல் முழுவதும் ஓட்ஸ் கஞ்சியும் மசித்த உருளைக்கிழங்கும் ஊட்டிவிட்டு வீடு திரும்பும்போது நாக்கு சும்மா இருப்பதில்லை. வெங்காயமும் காய்ந்த மிளகாயும் போட்டுக் கடைந்த புளிச்சக்கீரை, சூடான சோறு, மேலே நல்லெண்ணெய். இதைத் தவிர அதற்கு வேறொன்றும் வேண்டாம். கடையில் உறைய வைத்த கீரைப் பொட்டலம் கிடைக்கிறது. அதை ஒருமுறை வாங்கிச் சமைத்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத விரும்பவில்லை.

ஊரிலிருந்து விதை கொண்டுவர முடியாது. இங்கே விமான நிலையத்தில் பெட்டியை மோந்து பார்க்க நாய் வைத்திருக்கிறார்கள். அதனால் இங்கேயே யாரிடமிருந்தாவது விதை சேர்த்துத்தான் ஆக வேண்டும். மங்கரே சந்தையில் ஃபிஜி இந்தியப் பெண் ஒருவர் இந்தக் கீரையைக் கட்டு கட்டாக விற்பார். அவரைத் தொணதொணத்து ஒரு பிடி விதை வாங்கினேன். அடுத்த வருடம் அவர் சந்தைக்கு வரவில்லை. விசாரித்தேன், ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாராம்.

விதை முளைத்தது, கீரையும் தந்தது. ஆனால் நேரத்துக்குப் பூக்கவில்லை. பகல் குறுகினால்தான் இந்தச் செடி பூக்கும். ஆக்லாந்தில் ஏப்ரல், மே என்று பகல் குறுகும்போதே மழையும் குளிரும் வந்துவிடுகிறது. காய் முற்றுவதற்குள் செடி அழுகிவிடும். கீரை உண்டு, விதை இல்லை. விதை இல்லாவிட்டால் அடுத்த வருடம் கீரையும் இல்லை.

இந்தத் தொல்லையைப் பகிர்ந்துகொள்ள எனக்கு ஒருவர் கிடைத்தார். கிளென்ஃபீல்டில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணா. மின் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பிளாஸ்டிக் கூடாரம் போட்டுத் தோட்டம் வைத்திருக்கிறார். கோவில் அன்னதானத்தில் கீரையைப் பற்றிப் பேசப்போய்ப் பழக்கம். நான் கொடுத்த விதையில் வந்த ஒரே ஒரு செடி அவருடைய கூடாரத்தில் பிப்ரவரியிலேயே பூத்துவிட்டது. மற்றதெல்லாம் இலையோடு நிற்க, இது மட்டும் அவசரக் குடுக்கை. அதில் இருபத்திரண்டு விதை தேறியது. பாதியை எனக்குக் கொடுத்தார்.

"இதுதான் தங்கச்சி நாங்கள் தேடின ஆள்," என்றார். "இதின்ரை பிள்ளையளுக்குள்ள முந்திப் பூக்கிறதையே திரும்பத் திரும்ப எடுத்து விதைச்சமெண்டால், இந்த ஊருக்கெண்டே ஒரு ரகம் வந்திடும். ரெண்டு இடத்தில நிக்கட்டும். ஒண்டு போனாலும் மற்றது இருக்கும்."

அவருடைய பதினொன்றையும் முளைத்த வாரமே நத்தைகள் தின்றுவிட்டன. என்னுடைய பதினொன்றில் ஏழு ஈரத்தில் அழுகியது. நான்கு பிழைத்தது. அந்த நான்கு செடிகள் போனால் எல்லாமே போயிற்று. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான், இனிச் சொல்லப்போகிற காரியத்தைச் செய்தேன்.

அந்த விதைகளை ஊன்றுவதற்கு முந்தைய மே மாதம், ரயில் பாதையை ஒட்டிய நடைபாதையில் ஒரு செடியைப் பார்த்திருந்தேன். இலை பழுத்துக் காய்ந்து, விதையோடு நின்றது. மிச்சமிருந்த இரண்டு இலைகளில் அதே விரல் பிரிவு, அதே ரம்ப விளிம்பு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. யாரும் ஊன்றாமல், குளிரில், மழையில், தானாக நின்று விதை பிடித்த புளிச்சக்கீரை. நாய்கள் கால் தூக்கும் இடம் என்பதால் இலையை வாயில் போட்டுப் பார்க்கவில்லை. விதையை உருவி சீருடைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் வந்து பார்த்தால் விதை உருண்டையாக இருந்தது. புளிச்சக்கீரை விதை முக்கோணமாக இருக்கும். இந்த மண்ணுக்கு வந்து உருண்டிருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். எனக்கு வேண்டியதற்குக் காரணம் கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

அதில் மூன்று செடி வந்தது. என்ன ஒரு வளர்த்தி. டிசம்பரில் என் இடுப்பு, ஜனவரியில் என் தலை. பக்கத்தில் என் நான்கு புளிச்சக்கீரையும் முழங்கால் உயரத்தில் முக்கிக்கொண்டிருந்தன.

பதினைந்து வயதில் எனக்கு ஒரு மகள். இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். டிசம்பரில் ஒருநாள் பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, தட்ஸ் வீட்," என்றாள்.

கஞ்சாவை இங்குள்ள பிள்ளைகள் அப்படிச் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் கையில் களைக்கொத்தோடு குனிந்து நிற்பவளிடம் வந்து வீட் என்றால் அவளுக்கு எது தோன்றும். களை என்கிறாள் என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"களைக்கும் பயிருக்கும் வித்தியாசம் தெரியாத நீ எனக்குச் சொல்ல வந்துட்டியா? போய்ப் படி."

ஜனவரியில் மறுபடி வந்தாள். இந்த முறை கையில் போன், அதில் கஞ்சா இலைப் படம். அப்போதும் நான் அசையவில்லை. புளிச்சக்கீரை இலை பார்ப்பதற்குக் கஞ்சா இலை போலத்தான் இருக்கும். கீரை போட்ட எல்லோரும் வாங்கும் கிண்டல் அது. "உனக்கு முன்னாடியே எல்லாரும் சொல்லியாச்சு, புதுசா ஏதாவது இருந்தா சொல்லு," என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள்.

வேறு அறிகுறிகளும் வராமல் இல்லை. மூன்று வருடமாகத் தலையாட்டலோடு நிறுத்திக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர் திடீரென்று வேலிக்கு மேலே கட்டைவிரலை உயர்த்தி என்னை சிஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார். என் கணவருக்கோ ஏதோ வாடை அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்கடியில் போஸம், அதாவது இந்த ஊர் மரநாய் மாதிரி ஒரு பிராணி, செத்துக் கிடக்கிறது என்று டார்ச் எடுத்துக்கொண்டு இரண்டு முறை தவழ்ந்து பார்த்தார். கொரோனா வந்து போனதிலிருந்து என் மூக்குக்கு எதுவும் சரியாகத் தெரிவதில்லை. விதைக்கு விட்ட செடியில் ஒரு இலைகூடக் கிள்ளுவதில்லை என்று சபதம் வேறு. கிள்ளிச் சமைத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பிப்ரவரியில் முடிவெடுத்தேன். இரண்டு ரகம் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் மகரந்தம் கலந்து, நல்ல ரகம் கெட்டுவிடும். எனவே நோஞ்சான் நான்கையும் பிடுங்கிவிட வேண்டும். கிளென்ஃபீல்ட் அண்ணாவிடம் போனில் சொன்னேன்.

"ஓம், செய்யலாம்," என்றார். "ஆனா சனிக்கிழமை நான் வந்து பாக்குமட்டும் கை வையாதேங்கோ."

அவர் சனிக்கிழமை மதியம் வருவதாகச் சொன்னார். நான் சனிக்கிழமை காலையே கை வைத்துவிட்டேன். பொறுமை என்பது எங்கள் குடும்பத்தில் என் கணவர் மட்டும் செய்கிற வேலை. ஒன்று, இரண்டு, மூன்று என்று பிடுங்கி வெயிலில் எறிந்தேன். நான்காவதில் கை வைத்தபோது மகள் காலை உணவுக் கிண்ணத்தோடு படியில் வந்து நின்றாள்.

"நோ, நாட் தட் ஒன்," என்றாள். அதில் ஒரு மொட்டு இருந்தது. நான் கவனிக்கவில்லை.

"எடுத்துக்கிட்டுப் போ. இங்க இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

அவள் கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டு வந்து, கரண்டியாலேயே வேரோடு மண்ணைத் தோண்டி எடுத்து, ஒரு பழைய பெயின்ட் வாளியில் வைத்துத் தன் அறைக்குக் கொண்டுபோனாள். எனக்கு எதிராக எதையாவது செய்ய வேண்டும் என்று செய்கிறாள் என்று நினைத்தேன். இருக்கலாம். அதற்காக அவளுக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

மதியம் அண்ணா வந்தார். பக்கவாட்டுக் கதவைத் தாண்டியதுமே நின்றுவிட்டார். மூக்கை இரண்டு முறை உறிஞ்சினார். பிறகு செடிகளுக்குப் பக்கத்தில் போய் ஒரு இலையைக் கசக்கி மோந்து பார்த்தார்.

"தங்கச்சி, இதை நீங்கள் சமைச்சனீங்களோ?"

"இல்லண்ணா, விதைக்கு விட்டிருக்கேன்."

"நல்ல காலம்," என்றார். "இது கஞ்சா எல்லோ."

கவிழ்த்து வைத்திருந்த வாளியில் உட்கார்ந்து அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிடுங்கி எறிந்த மூன்றையும் தேடி ஓடினேன். வெயிலில் வதங்கிச் சுருண்டு கிடந்தன. தொட்டியில் நட்டுத் தண்ணீர் தெளித்தேன். பிழைக்காது என்று பார்த்தாலே தெரிந்தது, பிழைக்கவும் இல்லை. நாங்கள் வருடக்கணக்கில் தேடிய விதையை என் கையாலேயே பிடுங்கி வெயிலில் போட்டிருக்கிறேன். அழுகை வந்தது, அழுதேன். அண்ணா சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"ஒண்டும் மிஞ்சேல்லையோ?"

அப்போதுதான் பெயின்ட் வாளி ஞாபகத்துக்கு வந்தது. ஓடிப்போய் மகளின் கதவைத் தட்டினேன். செடி ஜன்னலோரத்தில் நின்றது. கொஞ்சம் தலை தொங்கியிருந்தது, ஆனால் நின்றது. பின்னாலேயே வந்த அண்ணா மொட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அந்த அவசரக்காரிதான். பாருங்கோ, மொட்டு விட்டிட்டாள். இதுக்குத் துணை தேவையில்லை, தன்ரை பூவிலேயே காய்க்கும். இதை விடாதேங்கோ."

கஞ்சாவைப் பிடுங்கித் துண்டு துண்டாக வெட்டி, எலுமிச்சை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தோம். என் கணவர்தான் தோண்டினார். வீட்டை எப்படி வைத்திருக்கிறோம் என்று ஏஜென்ட் ஆள் வந்து பார்க்கிற வாடகை வீட்டு இன்ஸ்பெக்ஷன் திங்கட்கிழமை, அதற்கு இன்னும் இரண்டே நாள் இருந்தது. மண்ணை மிதித்துவிட்டுக்கொண்டே, "நான் சொன்ன வாடை," என்றார். மண்வெட்டியையும் அவரே கழுவி வைத்தார். அது அவருடைய பெருந்தன்மை.

திங்கட்கிழமை வந்தது ஒரு இளம்பெண். கையில் டேப்லெட். சமையலறையைப் படம் எடுத்தார், குளியலறையைப் படம் எடுத்தார். தோட்டத்தில் எதுவுமே இல்லை, நான் நிம்மதியாக இருந்தேன். பிறகு மகளின் அறைக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

பதினைந்து வயதுப் பிள்ளையின் படுக்கையறை. ஜன்னலில் செடி. ஐந்து விரல் இலை.

அந்தப் பெண் செடியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். மகளின் முகம் வெளிறிவிட்டது. அவள் வாயால் சொன்னாலும் நம்பாத வீடு இது, படம் காட்டிச் சொன்ன பிறகும் நம்பாத வீடு. இப்போதும் அம்மா தன்னைத்தான் திட்டப்போகிறாள் என்று அவள் நினைத்தது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்கு அவள்மீது பொங்கிய பாசத்தை எந்த மொழியிலும் சொல்ல முடியாது.

அந்தச் செடியில் மொத்தம் ஒன்பது இலை. விதைக்கு விட்ட செடியில் இலை கிள்ளுவதில்லை. நான் ஒன்றைக் கிள்ளினேன். இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை என் வாயில் போட்டு மென்றேன். மறு பாதியை அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். அவர் தயங்கினார். என் முகத்தில் என்ன இருந்ததோ, வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். புளிப்பு ஏறியதும் ஒரு கண் மூடிக்கொண்டது, தோள் காதுவரை உயர்ந்தது. பிறகு சிரித்துவிட்டு, எலுமிச்சை மாதிரி இருக்கிறது, இதற்குப் பெயர் என்ன என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "புலிச்சகீரை," என்றாள். அவளுக்கு ள வராது.

அந்தப் பெண் டேப்லெட்டில் எதையோ தட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். நான் மகளிடம், "நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும். தப்பு என்னோடது," என்றேன். "இட்ஸ் ஓகே," என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்து, "மூணு வாட்டி சொன்னேன்," என்றாள். சனிக்கிழமை சொன்னதையும் சேர்த்துக்கொண்டாள். சரியான கணக்குதான். அதுவும் தமிழில்.

அந்த வாரமே பூ விரிந்தது. வெளிர் மஞ்சள், நடுவில் கருஞ்சிவப்பு. குளிரும் மழையும் வெளியே நடத்தியதெல்லாம் வெளியோடு போயிற்று. ஏப்ரலில் ஜன்னலோரத்தில் ஐந்து காய்கள் முற்றிக் காய்ந்தன. நியாயமாகப் பாதியைப் பிரித்து, ஒரு உறையில் போட்டு, மேலே கீரையின் பெயரைத் தமிழில் எழுதித் தரச்சொல்லி மகளிடம் கொடுத்தேன். எழுதியதைப் பார்த்தேன். திருத்தப் பேனாவை எடுத்தேன், பிறகு அப்படியே ஒட்டி கிளென்ஃபீல்டுக்கு அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணா போன் செய்தார்.

"விதை வந்தது தங்கச்சி. ஆனா உறையில 'புலிச்சகீரை' எண்டு கிடக்கு. பிள்ளை பிழையா எழுதிப்போட்டாள் போல."

"பிழை இல்லண்ணா," என்றேன். "ரகத்தோட பேரு அது. காப்பாத்தினவ வச்சது."