பொங்கல் தின்ற பந்தயக் குதிரை

கறம்பக்குடிப் பக்கம் எங்கள் ஊர். கோயில் திருவிழாவில் நடந்த குதிரை வண்டிப் பந்தயத்தில் எங்கள் குதிரை ராணி ஜெயித்து வந்தாள். ஐயனாரின் வாகனமாயிற்றே என்று பெண்கள் சர்க்கரைப் பொங்கலை ஆளுக்கொரு கையாக ஊட்டினார்கள். ஆசையாய்க் கொடுப்பவர்களைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பொழுது சாயும்போது ராணி தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு படுத்துப் புரண்டாள்.

"செயிச்ச திமிரைப் பாருங்க கொழுந்தனாரே!" என்று பக்கத்து வீட்டு மதினி சிரித்தார். நானும் சிரித்தேன். ராணியின் உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியதும்தான் மருத்துவருக்குப் போன் போட்டேன்.

கால்நடை மருத்துவர் ஓடி வந்து மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டு, தின்றதை வெளியே எடுத்தார். "குதிரையால வாந்தி எடுக்க முடியாதுங்க. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா வயிறே வெடிச்சிருக்கும்" என்றார்.

"நான்தான் ரெண்டு உருண்டை கூடக் குடுத்தேன்" என்று மதினி அழுதார். ராணி லத்தி போட்ட பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்தது.

இப்போதெல்லாம் பந்தய நாளில் வாசலிலேயே புல்லை அறுத்து வைத்துவிடுகிறேன். தூக்குவாளியோடு வருகிறவர்களிடம் சொல்கிறேன்: "தாயி, பொங்கலை எனக்குக் குடுங்க. இந்தப் புல்லை ஒங்க கையால அதுக்குக் குடுங்க."