பிரஷ்ஷக்கா திறக்காத பை

படகுத்துறைச் சோதனைக் கூடத்தில் எல்லோருக்கும் அவள் பிரஷ்ஷக்காதான். பத்தொன்பது வருடமாக, அந்தத் தீவு நகரத்தில் வந்து இறங்குகிற ஒவ்வொருவருடைய செருப்பின் அடியையும் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கிறாள். காலுறையில் ஒட்டிய புல்விதையைச் சீப்பால் வாரி எடுக்கிறாள். பையைத் திறந்து அடிவரை கைவிட்டுத் துழாவுகிறாள். எப்பேர்ப்பட்ட ஆளானாலும் அவள் மேஜை முன்னால் வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும். தேனிலவுக்கு வந்த ஒரு மாப்பிள்ளையின் புத்தம்புதுப் பெட்டியிலிருந்து நாலு எறும்பை உயிரோடு பிடித்து டப்பாவில் போட்டுவிட்டு, "இவங்களுக்கும் டிக்கெட் எடுத்தீங்களா?" என்று கேட்டவள் அவள்.

இத்தனை கெடுபிடியும் ஒரு பறவைக்காக. கோழி அளவு இருக்கும், பறக்காது, வால் கிடையாது. ஊர்க்காரர்கள் மொட்டைவால் என்பார்கள். தரையில்தான் முட்டையிடும். இந்த ஊரில் பூனையும் இல்லை, எலியும் இல்லை என்பதால் ஓடி ஒளிய அது கற்றுக்கொள்ளவே இல்லை. வங்கிப் படியில் வந்து குந்தும். சிக்னலில் பச்சை விழுந்த பிறகு சாவகாசமாகச் சாலையைக் கடக்கும். பேருந்து வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். நண்டுகள் மூன்றாம் மாடி வரை படியேறி வருகிற, தபால் பெட்டிக்குள் பல்லி குடித்தனம் நடத்துகிற அந்த நகரத்தை வேடிக்கை பார்க்கத்தான் படகு படகாகக் கூட்டம் வருகிறது.

பிரஷ்ஷக்காவுக்குக் கை ஒரு நிமிடம் சும்மா இருக்காது. யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் கிடக்கிற செருப்பையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவாள். "கல்யாணத்துக்கு முன்னாடி இவ என் மூஞ்சியப் பாக்கல, என் செருப்பத்தான் பாத்தா" என்பார் அவள் கணவர். அவர் அதே படகில் எஞ்சின்காரர். எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர்.

அவளுக்கு ஒரே தங்கை. கடலுக்கு அந்தப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் அக்காவைப் பார்க்க ஆசையாக வந்து இறங்கினாள். அக்கா சும்மா விடுவாளா? நாற்பது பேர் வரிசையில் நிற்க, பையைக் கவிழ்த்து, உள்ளாடை உட்பட ஒவ்வொன்றாக உதறி மேஜையில் பரப்பினாள். மண் ஒட்டியிருந்த புது ஷூவைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒரு வாரம் தங்க வந்தவள் மறுநாளே கிளம்பிவிட்டாள். அதற்கப்புறம் போனில் பேச்சு உண்டு. "சாப்டியா", "சாப்டேன்", அவ்வளவுதான். "வாயேன்டி" என்றால், "பாக்கலாம்க்கா" என்பாள்.

அந்தத் தங்கை போன மாதம் தானாகவே வருகிறேன் என்றாள். சொன்ன நாளில் வரிசையில் அவள் தலையைப் பார்த்ததும் பிரஷ்ஷக்காவுக்கு ஒரே கவலைதான். இந்தத் தடவையும் கோபித்துக்கொண்டு போய்விட்டால் மறுபடி எப்போது வருவாள்? முறை வந்தது. தங்கை மேஜையில் பையை வைத்து ஜிப்பைப் பாதி இழுத்தாள்.

"போ போ, வெளிய நில்லு. இதோ வந்துடறேன்" என்று அக்கா கையை ஆட்டினாள்.

தங்கை ஒரு கணம் அங்கேயே நின்றாள். பிறகு ஜிப்பை மூடிக்கொண்டு போனாள். பத்தொன்பது வருடத்தில் திறக்காமல் போன முதல் பை அது. பிரஷ்ஷக்காவுக்கு உச்சி குளிர்ந்து போயிற்று.

அந்தக் குளிர்ச்சி சாயங்காலம் வரைக்கும்தான். தங்கை அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பையைப் பிரித்தாள். அக்காவுக்குப் புடவை வந்தது, மாமாவுக்குச் சட்டை வந்தது, கடைசியில் ஒரு பிஸ்கட் பாக்கெட் வந்தது. அதன் மூலையில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. ஓரமெல்லாம் பொடிப்பொடியாகக் கடித்திருந்தது. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உங்க வீட்ல எலி இருக்காடி?"

தங்கையின் முகம் சட்டென்று மாறியது. "ஏன், எங்க வீடு அவ்ளோ கேவலமாவா இருக்கு? கடையில குடுத்ததே அப்படித்தானோ என்னவோ."

அக்கா பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டாள். சந்தேகம் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் அதிகாரிக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. வேலைக்கு வருகிற புதியவர்களை அதை மனப்பாடம் செய்ய வைப்பவளே அவள்தான். சொன்னால் தங்கையின் பை மறுபடி சந்தி சிரிக்கும். வேலை போனாலும் போகும். கடையிலேயே கடித்திருக்கலாமே? அங்கேயே, அவள் வீட்டிலேயே கடித்திருக்கலாமே? இப்படி ஆயிரம் 'லாம்' போட்டும், ராத்திரி இரண்டு தடவை எழுந்து அடுப்படி விளக்கைப் போட்டுப் பார்த்தாள்.

மறுநாள் முழுக்க அலமாரிக்கு அடியிலும் அடுப்புக்குப் பின்னாலும் குனிந்து கிடந்தாள். பல்பு மினுக்கினாலும் திடுக்கிட்டாள்.

"என்னத்த தேடுற?" என்றார் எஞ்சின்காரர்.

"ஊசி விழுந்துடுச்சுங்க."

"காலையிலேர்ந்து தேடுறியே, கோணி ஊசியா?"

மூன்றாம் நாள் தங்கையை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப் போனாள். நகரத்தின் நடுவே பெரிய ரவுண்டானாவில் ஒரு மொட்டைவால் கூடு கட்டியிருந்தது. அதற்காகச் சுற்றிலும் கயிறு கட்டி, வண்டிகளை வேறு தெரு வழியாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். புல்லுக்குள் ஆண் பறவை முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் தங்கை குந்தினாள். அது எழுந்து வந்து, அவள் ஷூவின் நாடாவைக் கவ்வி இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டது. தங்கை குழந்தை மாதிரி சிரித்தாள்.

"இதுக்கு பயமே இல்லையாக்கா?"

"பயப்படத் தெரியாதுடி. எலி வந்து முட்டையக் கடிச்சாக்கூட பக்கத்துல நின்னு பாத்துட்டு இருக்கும்."

சொல்லி முடித்துவிட்டு அக்கா திரும்பினாள். பறவை அவளையே பார்த்தது. இதற்குமேல் தாங்காது என்று தெரிந்துவிட்டது. அங்கேயே நின்று போனை எடுத்தாள்.

"சார், நான்தான் பேசறேன். முந்தாநாள் ஒரு பையத் திறக்காம விட்டுட்டேன். உள்ள இருந்த பாக்கெட்ட எலி கடிச்சிருக்கு... என் தங்கச்சி பை சார்."

தங்கை எழுந்து நின்றாள். "அப்போ மறுபடியும் என் பையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தாள்.

ஒரு மணி நேரத்தில் நாலு ஆட்களும் ஒரு மோப்ப நாயும் வந்தார்கள். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார்கள். பையைக் கூடத்தின் நடுவில் கொட்டினார்கள். நாய் அறை அறையாகச் சுற்றிவிட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது. மோட்டார் பக்கத்தில், துணி நூலைச் சேர்த்துச் சுருட்டி மெத்தை போட்டுக்கொண்டு, கட்டைவிரல் அளவில் ஒரு சுண்டெலி.

பிடித்தாகிவிட்டது. ஆனால் ஒன்றுதானா என்று யாரால் சொல்ல முடியும்? ஆறு மாதத்துக்கு அந்தத் தெரு முழுக்கப் பொறி வைக்க வேண்டும் என்றார் அதிகாரி. அதுவரை பிரஷ்ஷக்காவுக்கு மேஜை கிடையாது. தினமும் பொறிகளைச் சுற்றிப் பார்ப்பதுதான் வேலை.

"நீங்க ஒரு பையத் திறக்காம விட்டீங்கன்னு வேற யார் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பதிலாக அவர் நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

எல்லோரும் போன பிறகு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து துணிகளை மடித்தார்கள். சுருக்குப் போட்ட ஒரு சின்னத் துணிப்பை அக்காவின் கையில் தட்டுப்பட்டது.

"இது என்னடி?"

"உள்ளாடை." தங்கை தலை நிமிரவில்லை. "தனியா கட்டி, எல்லாத்துக்கும் மேல வச்சேன். நீ அப்படியே எடுத்து ஓரமா வச்சிட்டு மத்ததப் பாக்கலாம்ல. அதுக்குன்னே தச்சேன்."

அக்கா அந்தப் பையின் தையலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அன்னிக்கு எனக்கு கோவம்தான். ஒரு வருஷம் இருந்துச்சு. அப்புறம் வர்றதுக்கு வெக்கமா இருந்துச்சு. இந்த தடவ எல்லாம் சரியா அடுக்கிட்டு வந்து ஜிப்பத் திறந்தேன். நீ போ போன்னு கைய ஆட்டிட்ட. நீ பாப்பேன்னு நம்பித்தான்க்கா, பரண்ல கிடந்த பைய உதறிக்கூட பாக்காம எடுத்துட்டு வந்தேன்."

பிரஷ்ஷக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "கோவிச்சுக்குவியோன்னு பயந்துட்டேன்டி."

"நான் என்ன மொட்டைவாலா, நீ வந்து காப்பாத்த?" என்று தங்கை மூக்கை உறிஞ்சினாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

ஒரு வாரம் முழுசாகத் தங்கினாள். தினமும் அக்காவோடு பொறி பார்க்கப் போனாள். எதிலும் எதுவும் விழவில்லை. விழாதது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் அக்காவுக்கு மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஆறு மாதமும் அப்படித்தான் இருக்கும்.

ஊருக்குப் போகிற அன்று படகுத்துறையில் அக்கா ஓரமாக நின்றாள். தங்கை நேராகச் சோதனை மேஜைக்குப் போய்ப் பையை வைத்தாள்.

"இங்கேர்ந்து போறவங்களுக்குச் சோதனை இல்லம்மா" என்றார் மேஜையில் புதிதாக உட்கார்ந்திருந்தவர்.

"நீங்க பாக்க வேணாம். எங்க அக்கா பாக்கட்டும்."

ஜிப்பை முழுசாக இழுத்துத் திறந்தாள். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிரஷ்ஷக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, சுருக்குப் பையை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு முழங்கை வரை உள்ளே விட்டாள்.

"அடி வரைக்கும் பாருக்கா. அவசரமில்ல."

படகிலிருந்து எஞ்சின்காரர் இரண்டு தடவை ஹார்ன் அடித்தார். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.