உருட்டிப் பார்த்த ரத்தம்

மஞ்சள் முதலில் என் கண்ணுக்குத் தெரியவில்லை. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த ஒரு பெண்மணிதான், டேப்பைப் பிடித்திருந்த என் கையை விலக்கிவிட்டு, என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். "இன்னா தமிழு, கண்ணு இப்பிடி மஞ்சளா இருக்குது? மறுபடியும் காமாலையா?"

மறுபடியும் என்றார் பாருங்கள், என் நோயின் கதை முழுக்க அதில் இருக்கிறது. சங்கராபுரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே எனக்குக் காமாலை வரும், போகும். எங்கள் வீட்டில் அதற்கு ஒரே வைத்தியம்தான். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். உப்பு, எண்ணெய், புளி கூடாது. அதற்கும் அடங்காவிட்டால் கல்வராயன் மலையேறி, வெள்ளிமலைப் பக்கம் யாரிடமாவது வேர் வாங்கி வருவார்கள். கொஞ்ச நாளில் மஞ்சள் குறையும். பத்தியம் பலித்தது என்று நிம்மதியாவோம். அது தானாக ஏறித் தானாக இறங்கும் மஞ்சள் என்று எங்களுக்கு யார் சொன்னது?

என் அண்ணன் அப்படியொரு பத்தியத்தில்தான் செத்துப்போனான். பள்ளிக்கூடம் போகிற வயது. காய்ச்சலோடு மஞ்சளும் வந்தது. பிறகு முகம் வெளுத்தது, உதடு வெளுத்தது. "மஞ்ச எறங்குது, மருந்து வேலை செய்யுது" என்று சந்தோஷப்பட்டார்கள். மஞ்சள் இறங்கவில்லை. ரத்தம்தான் இறங்கிக்கொண்டிருந்தது. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. யார்மேல் என்று மட்டும் தெரியவில்லை.

இந்த முறை எனக்கும் காய்ச்சல். தையல் மிஷின்மேலேயே மயங்கி விழுந்தேன். என் கணவர் குமரவேல் கரும்பு லாரி ஓட்டுகிறவர். லாரியை அப்படியே விட்டுவிட்டு வந்து என்னைக் கள்ளக்குறிச்சிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே முதலில் ரத்தம் ஏற்றினார்கள். அது இல்லாவிட்டால் நான் இல்லை. டாக்டர் என் இடது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். மண்ணீரல் (தேய்ந்துபோன ரத்த அணுக்களைப் பிடித்து அழிக்கும் உறுப்பு) வீங்கியிருந்தது.

"இது கல்லீரல் காமாலை இல்லம்மா" என்றார். "உங்க ரத்த அணுக்கள் சீக்கிரமா உடையுது. உடையறதுல வர்ற மஞ்சள் இது." புதுச்சேரியில் ரத்த நோய்களுக்கென்றே இருக்கும் ஒரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். ஒன்று, என் உடம்பே தன் ரத்த அணுக்களை எதிரி என்று நினைத்து அழிப்பது. மற்றொன்று, அணுக்கள் பிறவியிலேயே தட்டையாக இல்லாமல் உருண்டையாக இருப்பது. உருண்டை அணு வளையாது. மண்ணீரலின் சந்துகளில் நுழைய முடியாமல் மாட்டி உடையும்.

"எது மோசம் டாக்டர்?"

"முதலாவது திடீர்னு ஆபத்துல கொண்டுபோய் விடும். ரெண்டாவதைச் சமாளிக்கலாம். ஆனா அது பரம்பரையா வர்றது. குழந்தைக்கு இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு."

என் மகள் யாழினிக்கு அப்போது ஐந்து வயது. வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து, எனக்கு அந்த மோசமான நோயே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அது என்னோடு போய்விடும் அல்லவா? குமரவேலிடம் சொன்னபோது அவர் முகம் சுண்டிவிட்டது. "இன்னா பேச்சு பேசற நீ? பைத்தியமா?" என்று கேட்டுவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

சோதனைகளில் ஒன்றும் தெளிவாகவில்லை. எனக்குள் ஏற்றிய ரத்தமும் என் ரத்தமும் கலந்து கிடந்ததால், எது யாருடைய குறை என்று பிரிக்க முடியவில்லை. மரபணுச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அது வர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் டாக்டரம்மா ஒன்று கேட்டார். அதே வளாகத்தில் ஆராய்ச்சிக்காக ஒரு கருவி வைத்திருக்கிறார்கள், ஒரு துளி ரத்தம் கொடுப்பீர்களா என்று.

இருட்டான சின்ன அறை. ஆராய்ச்சி செய்யும் பெண் ஒரு கண்ணாடிச் சில்லைக் காட்டினாள். கட்டைவிரல் நகம் அளவு இருந்தது. அதற்குள் தலைமுடியைவிட மெல்லிய வாய்க்கால் ஓடுகிறதாம். உப்பு நீரில் கலந்த என் ரத்தம் அதில் ஒவ்வோர் அணுவாகப் போகும். போகிற வேகத்தில் அணு உருளும். குறுக்கே லேசர் ஒளி பாயும். அணுவைக் கடக்கும் ஒளி எவ்வளவு தாமதமாகிறது என்பதை ஒவ்வொரு புரளலிலும் கேமரா பிடிக்கும். எல்லாப் பக்கத்தையும் சேர்த்துக் கணினி முப்பரிமாண உருவம் (கனத்தையும் சேர்த்துக் காட்டும் உருவம்) செய்துவிடும்.

"ரத்தத்தைக் கண்ணாடியில தடவிப் பாக்கறாங்களே, அதுல இது தெரியாதா?" என்று கேட்டேன்.

"ஓரளவு தெரியும்க்கா. ஆனா அங்க அணு காஞ்சு படுத்துக் கெடக்கும். இங்க உருட்டி உருட்டிப் பாக்கறோம்."

எனக்குப் புரிந்தது. சட்டைப் பொத்தானும் பாசிமணியும் மேலிருந்து பார்த்தால் வட்டம்தான். விரலில் உருட்டினால்தான் வித்தியாசம் தெரியும். என் பிழைப்பே அதில்தானே போகிறது.

திரையில் என் ரத்தம் ஓடியது. நடுவில் குழிந்த பொத்தான்கள் புரண்டு புரண்டு போயின. புரளும்போது ஒல்லியாகி மறுபடி அகலமாயின. அவற்றுக்கு நடுவே சில எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே உருண்டையாக உருண்டன.

"ரெண்டு தினுசா இருக்குதே?"

அந்தப் பெண், என்னோடு வந்திருந்த டாக்டரம்மாவைப் பார்த்தாள். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டார். "தட்டையா புரள்றது உங்களுக்கு ஏத்தின ரத்தமா இருக்கணும்மா. உருண்டை உங்களோடது. உங்க உடம்பே அழிக்கிற நோயா இருந்தா, வந்த ரத்தத்தையும் விட்டு வெச்சிருக்காது. இதை மட்டும் வெச்சு நான் முடிவு சொல்ல மாட்டேன். ஆனா பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க."

அழகாகப் புரண்டு போனதெல்லாம் முன்பின் தெரியாத யாரோ ஒருவருடையது. நான் வேண்டியது நடக்கவில்லை.

யாழினியைக் கூட்டிப்போவதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. தூங்கி எழுந்ததும் அவள் இமையை விலக்கிப் பார்ப்பேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பார்த்ததெல்லாம் மஞ்சள். குளிப்பாட்டும்போது, சோறு ஊட்டும்போது, பள்ளிக்கூட வேனில் ஏற்றும்போதுகூடப் பார்த்தேன். "கண்ணை விடும்மா, எரியுது" என்று அவள் அழுத பிறகுதான் நிறுத்தினேன்.

புதுச்சேரியில் ஊசி குத்தும்போது அழுதவள், திரையைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு நாங்கள் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"அம்மா, மணி மணியா போவுது!" என்று கை தட்டினாள்.

பொத்தான் ஏதாவது வருகிறதா என்று தேடினேன். ஒன்றிரண்டு கொஞ்சம் தட்டையாகத் தெரிந்ததுபோல் இருந்தது. மற்றதெல்லாம் மணி. குமரவேல் எழுந்து வெளியே போய்விட்டார். நான் போக முடியாது, அவள் என் மடியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு வந்த மரபணு முடிவும் இரண்டு பேருக்கும் அதையே சொன்னது.

எனக்குத் தடுப்பூசிகள் போட்டு, மண்ணீரலை எடுத்தார்கள். அணுக்கள் இன்னும் உருண்டைதான். ஆனால் அவற்றைப் பிடித்து உடைக்க ஆளில்லை. மஞ்சள் வடிந்துவிட்டது. அதற்குப் பதிலாக, கிருமிகளைத் தடுக்க உதவும் மண்ணீரலும் இல்லாததால், இனி எந்தக் காய்ச்சலையும் நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். குழந்தைக்கு இந்த வயதில் மண்ணீரலை எடுக்க மாட்டார்கள். புது ரத்தம் ஊற ஃபோலிக் மாத்திரை கொடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மஞ்சளைவிட வெளுப்புக்குப் பயப்படுங்கள். சில காய்ச்சல்கள் புது ரத்தம் ஊறுவதையே நிறுத்திவிடும்; உடைய அணு குறைவதால் மஞ்சள் இறங்குவதுபோல் தெரியும்.

எனக்கு அந்தப் பயம் சீக்கிரமே உதவியது. யாழினியின் வகுப்பில் பல பிள்ளைகளுக்குக் காய்ச்சல். மற்ற பிள்ளைகள் எழுந்து விளையாடப் போய்விட்டார்கள். இவள் படுத்தே கிடந்தாள். மணலூர்பேட்டையிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் அவள் கண்ணைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏன் பயந்துக்கினு கெடக்கற? நல்லா வெளுத்துருச்சி பாரு. மஞ்ச எறங்கிக்கினு இருக்குது."

நான் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. வண்டியில் எனக்கும் குமரவேலுக்கும் நடுவில் அவளை உட்காரவைத்துக் கள்ளக்குறிச்சிக்குப் போனோம். அவள் தலை என் நெஞ்சில் நிற்காமல் சாய்ந்து சாய்ந்து விழுந்தது. மூச்சு வருகிறதா என்று மூக்கின் கீழ் விரலை வைத்துக்கொண்டே போனேன். அண்ணனுடைய உதடு எந்த நிறத்தில் இருந்தது என்பது எனக்கு அந்தச் சாலையில்தான் முழுதாக ஞாபகம் வந்தது. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கஷ்டம்மா" என்றார் டாக்டர்.

ரத்தம் ஏறியது. மறுநாள் நாத்தனார் இட்லியோடு வந்து, வார்டு வாசலிலேயே நின்று அழுதார். உள்ளே கூப்பிட்டேன்.

முன்பெல்லாம் எனக்குக் காலம் தீபாவளித் தையல், பொங்கல் தையல், பள்ளிக்கூடச் சீருடைத் தையல் என்று ஓடும். இப்போது ரத்தத்தை வைத்துத்தான் ஓடுகிறது. மற்றவர்களின் சிவப்பணு மூன்று நான்கு மாதம் வாழும். என் மகளுடையது அதற்குள் பலமுறை செத்துப் பிறந்துவிடும். அவள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அவள் உடம்பு ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்த பிறகு தெரியாததுபோல் இருக்க முடியவில்லை.

உதட்டில் நிறம் வந்ததும் யாழினி பேச ஆரம்பித்தாள். அவளுக்கு இப்போது பொத்தான், மணி எல்லாம் தெரியும்.

"அம்மா, இப்போ எனக்குள்ள பொத்தானும் ஓடுதா?"

"ஓடுதுடி."

"யாரோடது?"

"தெரியல. யாரோ நல்லவங்களோடது."

"எப்பவும் இருக்குமா?"

"மூணு நாலு மாசம் இருக்கும்."

"அப்புறம்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அப்புறம் உன்னோட மணிதான். காய்ச்சல் வந்தா உடனே அம்மாகிட்ட சொல்லணும், சரியா?"

தலையாட்டினாள். பிறகு ஊசி குத்தியிருந்த கையை ஆட்டாமல், மற்றொரு கையால் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீயும் சொல்லணும்" என்றாள்.