மூடியில் வெட்டிய பெயர்

போன மாதம் ஒரு காலை, என் தோழி ஸ்டெல்லா எனக்கு ஒரு வேலை வைத்தாள். பரிசு வாங்கும் வேலை.

ஸ்டெல்லா சாந்தோம் பக்கத்துப் பள்ளியில் முப்பது வருடம் டீச்சராக இருந்தவள். அடையாறில் ஒரு மருத்துவமனையில் ஏழு வாரமாகப் படுத்திருந்தாள். புற்றுநோய். ‘இனி வீட்டுக்குக் கூட்டிப் போகலாம்’ என்று டாக்டர் சொல்லிவிட்டார். குணமானவர்களிடமும் இதையேதான் சொல்கிறார்கள். குரலை வைத்துத்தான் வித்தியாசம் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்டெல்லா கண்டுபிடித்துவிட்டாள்.

மாலை நாலு மணிக்கு வண்டி வரும். அதற்குள் வார்டில் தன்னைப் பார்த்துக்கொண்ட ஆறு பெண்களுக்கு, தன் கையால் ஏதாவது கொடுக்க வேண்டும் என்றாள். மூன்று நர்ஸ், மூன்று ஆயா.

“ஆறு டிபன் பாக்ஸ் வாங்கிட்டு வா. எவர்சில்வர். அவங்கவங்க பேரை வெட்டி வாங்கு. என் பேரு வேணாம்.”

“ஏன்டி?”

“செத்தவ பேரைப் பாத்துக்கிட்டே எப்படிச் சோறு தின்னுவாங்க?”

ஆறு பெயரையும் இனிஷியலோடு சொன்னாள். வார்டில் மற்ற எல்லோருக்கும் அவர்கள் சிஸ்டர், ஆயா... அவ்வளவுதான். அட்டெண்டன்ஸ் எடுத்துப் பழகியவளுக்கு அது போதவில்லை.

முதலில் தி.நகர் போனேன். ஐந்து மாடிக் கடை. டிபன் பாக்ஸ் மலை போல இருந்தது. பெயர் வெட்ட ஆள் இல்லை. “போட்டோ போட்டு மக் தர்றோம் மேடம், ஈவ்னிங் வாங்க” என்றார் ஒரு பெண். ஈவ்னிங் என்பது எனக்கு எவ்வளவு தூரம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அங்கிருந்து மயிலாப்பூர். மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்னப் பாத்திரக் கடை. வாசலில் ஸ்டூல் போட்டு, பேனா மாதிரி ஒரு மெஷினை வைத்துக்கொண்டு பாய் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒரே மாதிரி ஆறு டப்பா கிடைத்தது. அதற்கு மேல் அந்தக் கடையில் இல்லவும் இல்லை.

நோட்டில் இருந்து ஒரு தாளைக் கிழித்து ஆறு பெயரையும் எழுதிக் கொடுத்தேன். எதிரே போய் ஒரு காபி குடித்தேன். வந்தேன்.

ஆறு மூடியிலும் அழகாக வெட்டியிருந்தார். மேலே அவரவர் பெயர். கீழே — ‘அன்பளிப்பு: ஸ்டெல்லா டீச்சர்.’

“பாய்... இந்தப் பேரை யார் வெட்டச் சொன்னது?”

“இன்னாம்மா இப்டிக் கேக்குற? நீதான எழுதிக் குடுத்த!”

தாளை நீட்டினார். ஆறு பெயருக்கு அடியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, என் கையெழுத்தில், ஸ்டெல்லா டீச்சர்.

பத்திரிகையில் இருபத்தைந்து வருடம். எந்தத் தாளில் எதை எழுதினாலும், அது யாருடையது என்று அடியில் ஒரு பெயர் போடாமல் என் கை நகராது. எழுதியதே எனக்கு நினைவில்லை. அச்சுக்குப் போகுமுன் ஒரு தடவை படி, படி என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்!

“அழிக்க முடியுமா?”

“மேல கோடு போட்டு அடிக்கலாம். ஆனா வேணாம்மா. திருட்டுப் பாத்திரம் மாதிரி இருக்கும். யாரு குடுத்தாங்கன்னு போடாத டப்பாவ நான் வெட்டுனதே இல்ல.”

அவர் சொன்னது சரி. கல்யாண வீட்டுக் குத்துவிளக்கிலிருந்து காதுகுத்துக் கிண்ணம் வரை பாருங்கள். நம் ஊரில் பரிசு என்பது பாதி பாத்திரம், பாதி விசிட்டிங் கார்டு. வேண்டாம் என்று சொன்ன ஒருத்தியை எனக்குத் தெரியும். அவள் பெயரை ஆறு தடவை வெட்டி எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். மணி மூன்றரை.

ஸ்டெல்லா ஒரு டப்பாவை வாங்கி, மூடியை விரலால் தடவினாள். என்னைப் பார்த்தாள்.

“உங்க பேப்பர்ல தப்பு வந்தா என்னடி பண்ணுவீங்க?”

“மறுநாள் திருத்தம் போடுவோம்.”

“எனக்கு அவ்ளோ டைம் இல்ல. கொடு.”

ஆறையும் தன் கையாலேயே கொடுத்தாள். கலாவதி என்ற ஆயா டப்பாவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, “கே. கலாவதி! ஏய், இனிஷியல்லாம் போட்டுக்கீது பாரு!” என்று உரக்கப் படித்தாள். அடுத்த வரிக்குக் கண் போனது. அதைப் படிக்கவில்லை. மூடியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, “இன்னா டீச்சர் நீ, எனக்குப் போயி...” என்றாள்.

பன்னிரண்டு நாள் கழித்து ஸ்டெல்லா இறந்துபோனாள்.

சென்ற வாரம் மறுபடி அந்த வார்டுக்குப் போனேன். பிரிக்காமல் மிச்சமிருந்த மருந்துகளை, யாருக்காவது உதவும், கொடுத்துவிடுங்கள் என்று அவள் தம்பி அனுப்பியிருந்தார்.

மதியச் சாப்பாட்டு நேரம். மாடிப்படிக்கு அடியில் கலாவதி உட்கார்ந்திருந்தாள். மடியில் அதே டப்பா. அவள் பெயர் பளபளவென்று தெரிந்தது. அதற்குக் கீழே, அந்த இரண்டாவது வரியின் மேல், காயத்துக்கு ஒட்டும் வெள்ளை டேப்.

நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

“தப்பா நெனச்சுக்காத யக்கா. அந்தப் பேரப் பாத்தா சோறு எறங்க மாட்டேங்குது.”

“வேற டப்பா எடுத்துட்டு வரலாமே கலா?”

“நல்லா சொன்ன போ! டீச்சர் குடுத்தது. இத வுட்டுட்டு வேற எத எடுப்பேன்?”

ஸ்டெல்லா முன்கூட்டியே சொன்னதுதான். தப்பு முழுக்க என்னுடையது. திருத்தம் போட எனக்கு இனி மறுநாள் இல்லை. யாருக்காவது டப்பாவில் பெயர் வெட்டக் கொடுக்கப் போகிறவர்கள், தயவுசெய்து காபிக்குப் போகாதீர்கள். பக்கத்திலேயே நில்லுங்கள்.

கிளம்பும்போது கேட்டேன். “டேப் நிக்குதா?”

“எங்க நிக்குது? கழுவுறப்ப வந்துடுது. தெனம் புதுசா ஒட்டிக்கினு கீறேன்.”