தோள் வலிக்கிறது என்றவர்

முப்பத்தாறு வருடம் சுரங்கத்தில் வேலை பார்த்தவன் நான். பாதுகாப்பு வாரத்தில் நடக்கும் முதலுதவிப் போட்டியில் எங்கள் ஷிஃப்ட் அணி இரண்டு தடவை கோப்பை வாங்கியது. இரண்டு தடவையும் கட்டுப் போட்டவன் நான்தான். ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, டவுன்ஷிப்புக்கு வெளியே வீடு கட்டிக் குடிபோன பிறகும் அந்தப் பெருமை என்னை விட்டுப் போகவில்லை. எங்கே யார் தடுக்கி விழுந்தாலும், "நகருங்க, எனக்குத் தெரியும்" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நிற்பேன். வீட்டில் இதற்காகவே என்னைக் கேலி செய்வார்கள். என் வாயை அடைத்த ஒரு மதியத்தைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

இரண்டு மணி ஷிஃப்டுக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்த நேரம். பஜாரில் காய்கறி வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தேன். ரவுண்டானாவில் என் கண் முன்னாலேயே ஒரு மொபெட்டும் ஒரு பைக்கும் மோதிக்கொண்டன. மொபெட்டில் வந்தவர் கடலூரிலிருந்து மீன் கொண்டுவந்து டவுன்ஷிப் குடியிருப்புகளில் பிளாக் பிளாக்காக விற்பவர். பெட்டி உடைந்து சங்கராவும் மத்தியும் ஐஸ் கட்டிகளோடு ரோடெல்லாம் சிதறின. அவருக்கு நெற்றி பிளந்து முகம் முழுக்க ரத்தம். "ஐயோ, நான் போறனே! எம் புள்ளைங்கள யாரு பாப்பாங்க!" என்று அவர் போட்ட கூச்சலில் மொத்தக் கூட்டமும் அவரைச் சுற்றிக்கொண்டது. ஆட்டோக்காரர் ஒருவர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்.

பைக்கில் வந்தவர் தானாகவே எழுந்துவிட்டார். ஒப்பந்தத் தொழிலாளியின் சட்டை, நாற்பது வயது இருக்கும், கம்மாபுரம் பக்கத்து ஆள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல சார். வேலைக்குப் போய்கினு இருந்தேன், இந்தாளு குறுக்க வந்துட்டாரு. தோளுதான் கொஞ்சம் வலிக்குது" என்று இடது தோளைக் காட்டினார்.

நான் அவர் கையைத் தூக்கிப் பார்த்தேன், சுழற்றிப் பார்த்தேன். நன்றாக அசைந்தது. எலும்பு முறியவில்லை, சுளுக்குதான் என்று தீர்ப்புச் சொன்னேன். ஸ்கூட்டர் பெட்டியில் எப்போதும் ஒரு தைல பாட்டில் வைத்திருப்பேன், அதை எடுத்துத் தோளில் நன்றாகத் தேய்த்துவிட்டேன். தாகமாக இருக்கிறது என்றார். என் பாட்டில் தண்ணீரைக் கொடுத்தேன், முழுவதையும் குடித்தார்.

"மணி இன்னா சார்?"

"ஒண்ணு இருபது."

"பஞ்ச் அடிக்கணும் சார். லேட்டா பூட்டா ஆப்சென்ட் போட்டுருவாங்க."

எங்கள் ஊரில் விழுந்து கிடப்பவனிடம் 'அடி பட்டதா?' என்பதற்கு அடுத்த கேள்வி 'எந்த ஷிஃப்ட்?' என்பதுதான். கேட்டில் இருக்கும் மெஷினில் நேரத்துக்கு வருகையைப் பதியாவிட்டால் அந்த நாள் போச்சு. பர்மனென்ட் ஆட்கள் எப்படியாவது சமாளித்துவிடுவார்கள். பர்மனென்ட் பட்டியலில் பெயர் வராதா என்று வருடக்கணக்காகக் காத்திருக்கும் கான்ட்ராக்ட் ஆளுக்கு ஒவ்வொரு ஆப்சென்ட்டும் ஒரு கறுப்புப் புள்ளி. அதனால் யூனிஃபார்மோடு ஒருவன் கை நீட்டினால் இங்கே யாரும் வண்டியை நிறுத்தாமல் போவதில்லை. நானே அப்படி எத்தனை வண்டிகளில் தொற்றிக்கொண்டு போயிருக்கிறேன்!

"ஏறுங்க, நான் கொண்டு விடறேன்" என்றேன். அவர் மெதுவாக என் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தார்.

அப்போதுதான் ஆம்புலன்ஸ் வந்தது. இறங்கியது ஒரு சின்னப் பெண். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கையுறையை மாட்டிக்கொண்டே வந்தவர் ஒரு நொடி நின்று, மொபெட்டையும் பைக்கையும் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். மீன்காரரிடம் குனிந்து பெயர் கேட்டார், அவர் பெயரையும் ஊரையும் சேர்த்துக் கத்தினார். நெற்றியில் பஞ்சுத் துணியை மடித்து வைத்து, பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரரின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார். "விடாம அமுக்கிப் புடிங்கண்ணே." எழுந்து நேராக என்னிடம் வந்தார்.

"சார், வண்டிய நிறுத்துங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அங்க ரத்தம் கொட்டுது, நீ இங்க வர்றியேம்மா? இவரு நல்லா இருக்காரு. நான் பாத்துட்டேன்."

"கத்துறவருக்கு மூச்சு நல்லா இருக்கு சார், அதனாலதான் கத்துறாரு. இவரு ஏன் பேசவே மாட்டேங்கிறாரு?"

திரும்பிப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. கையைத் தொட்டேன். கொளுத்தும் வெயிலில் அந்தக் கை ஜில்லென்று, வேர்வையில் நனைந்திருந்தது.

டிரைவரும் அந்தப் பெண்ணும் கழுத்து அசையாமல் தாங்கி, அவரை இறக்கி ஸ்ட்ரெச்சரில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். அதற்குப் பிறகு நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? பெரிய பெரிய இயந்திரங்கள் மண்ணை வாரிக் கொட்டுவதை ஆயுள் முழுக்கப் பார்த்தவன் நான், அதெல்லாம் என்னைப் பிரமிக்க வைத்து வெகுகாலம் ஆகிறது. அந்தப் பத்து விரல்கள் பிரமிக்க வைத்தன. ஒரு கை மணிக்கட்டில் நாடியை விடவே இல்லை. இன்னொரு கை தலை, கழுத்து, நெஞ்சு என்று இறங்கிக்கொண்டே வந்தது. விரல் நகத்தை அழுத்தி எடுத்தார். வெளுத்த நகம் சிவக்க நேரமானது. தோள் எலும்பை நன்றாக அழுத்தினார். அடிபட்டவர் முகம் சுளிக்கவே இல்லை. சட்டையைக் கத்தரித்து, இடது விலாவுக்குக் கீழே லேசாகத்தான் தொட்டார். மனிதர் காலை மடக்கிக்கொண்டு முனகினார். அங்கே ஹேண்டில்பார் முனை குத்திய தடம், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தது.

"அடி தோள்ல இல்ல சார். வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சா சில பேருக்குத் தோள்ல வலி காட்டும்" என்றார், என்னைப் பார்க்காமலே.

நான் தைலம் தேய்த்த தோள் அது. என் கையில் இன்னும் அந்த வாசம் அடித்துக்கொண்டிருந்தது.

ஆக்ஸிஜன் முகமூடி மாட்டியாயிற்று. சுருங்கிக் கிடந்த நரம்பில் ஒரே குத்தில் ஊசி ஏறியது. அந்த வெயிலில் கம்பளியால் போர்த்தியபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. "உடம்பு சூடு இறங்கினா ரத்தம் உறையாது சார்" என்று சொல்லி, சலைன் பாட்டிலை என் கையில் கொடுத்து, "தூக்கிப் புடிங்க, தண்ணி ஏதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டார். கொடுத்ததைச் சொன்னேன். திட்டவில்லை, மயக்க மருந்து கொடுப்பவருக்குத் தெரிய வேண்டும் என்று கேஸ் தாளில் குறித்துக்கொண்டார். டிரைவர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, ஆபரேஷனுக்கும் ரத்தத்துக்கும் தயாராக இருக்கச் சொன்னார். போட்டியில் ஒரு கட்டுத் துணியை நீவி மடித்து முடிச்சுப் போட நான் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

தூக்கி ஏற்றும்போது அவர் முகமூடிக்குள்ளிருந்து, "பஞ்ச்..." என்றார்.

"பஞ்ச்செல்லாம் சார் பாத்துக்குவாரு. நீங்க எங்கிட்டப் பேசிகினே வாங்க."

நெற்றியில் கட்டோடு பக்கத்து சீட்டில் உட்கார்ந்த மீன்காரர் கூச்சலை மறந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, கண்ண மூடாதண்ணே."

வண்டி போய்விட்டது. நான் கேட்டுக்குப் போய் அவருடைய சூப்பர்வைசரிடம் விஷயத்தைச் சொன்னேன். நான் அவரை உள்ளே அனுப்பியிருந்தால் என்று, அங்கே நின்றபோது மனசு தானாகக் கணக்குப் போட்டது. கேட், உடை மாற்றும் அறை, சுரங்கத்துக்குள் இறங்கும் பஸ், வேலை இடம். நாற்பது நிமிடம். மூன்றாம் நாள் அவர் மனைவியிடம் போனில் பேசினேன். மண்ணீரல் கிழிந்திருந்ததாம், எடுத்துவிட்டார்களாம், இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றாராம் டாக்டர். "நீங்கதான் கூட இருந்து பாத்துகினீங்கன்னு சொன்னாருங்க. நீங்க நல்லா இருக்கணும்" என்று அந்த அம்மா அழுதார்.

இரண்டு மாதம் கழித்து, டீக்கடை ஓரத்தில் அதே ஆம்புலன்ஸ் நின்றது. அந்தப் பெண்ணும் டிரைவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். போய் நின்றேன்.

"அன்னிக்கு ரவுண்டானாவுல... ஸ்கூட்டர்ல ஏத்துனவன் நான்தாம்மா."

அவருக்கு ஞாபகம் வரவில்லை. "எந்தக் கேஸ் சார்?"

"மீன் சிதறிக் கிடந்துச்சே. தோள் வலிக்குதுன்னாரே..."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் ஒப்படைத்ததோடு அவர்களுக்குச் செய்தி நின்றுவிடும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. கேட்கப் பயந்தவர் மாதிரி, மெதுவாகக் கேட்டார்:

"இருக்காருங்களா சார்?"

"இருக்காரும்மா. போன வாரம் வேலைக்கே போயிட்டாரு, லைட் டூட்டி. பஞ்ச் அடிச்சிட்டு எனக்குப் போன் பண்ணாரு."

அந்தப் பெண் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு டிரைவர் பக்கம் திரும்பி, "அண்ணே, தோள் கேஸ் இருக்காராம்ண்ணே!" என்று ரோட்டுக்கே கேட்கும்படி கத்தினார்.