பெயர் வந்த இடத்தில் நின்ற நிரல்

தாளில் இரண்டே சொற்கள் அச்சாகியிருந்தன: ‘மிக்கேல் மனைவி’. அதற்குக் கீழே முழுப் பக்கமும் வெறுமையாக இருந்தது.

தாளைக் கையில் வைத்திருந்தவர்தாம் அந்த மிக்கேல். சாக்கோட்டைப் பக்கத்து விவசாயி. மனைவி சூசையம்மாள் இறந்து ஒரு மாதம் ஆகவிருந்தது. ஊரில் எந்த வீட்டில் துக்கம் என்றாலும் முன்னின்று செபம் சொல்லியவர் அந்த அம்மையார். சிகிச்சைக்காக மதுரையில் தங்கியிருந்தபோது, மகள் வேலை பார்த்த டி.டி.பி. நிலையத்தில் அமர்ந்து அவர் தம் செபங்களைச் சொல்லச் சொல்ல, மகள் கணினியில் தட்டச்சு செய்திருந்தாள். எஞ்சியிருந்தது அந்தக் கோப்பு பதிந்த ஒரே ஒரு பிளாப்பி வட்டு. முப்பதாம் நாள் பூசைக்கு அதைச் சிறு புத்தகமாக அச்சிட வேண்டும் என்பது மிக்கேலின் விருப்பம்.

நான் அப்போது காரைக்குடியில் ஓர் அச்சகத்தின் கணினிப் பிரிவில் இருந்தேன். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றுக் கல்லூரியில் கற்பித்தவன். மனைவி இறந்தபின் விருப்ப ஓய்வு பெற்று, என்னை அறிந்தவர் இல்லாத ஊராகப் பார்த்து வந்து சேர்ந்தவன்.

தொண்ணூறுகளில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றிலும் எழுத்துகளுக்கு ஒதுக்கிய எண்கள் வேறு. மதுரையிலிருந்து வந்ததை எங்கள் எழுத்துருவுக்கு மாற்ற, எனக்கு முன்னிருந்தவர் டர்போ சி-யில் எழுதிவைத்த சிறு நிரல் ஒன்று இருந்தது. getchar என்னும் கட்டளை மூலம் ஓரோர் எழுத்தாக வாங்கும். அதற்குரிய மாற்று எழுத்தை வெளியிடும். கோப்பின் முடிவைக் குறிக்கும் EOF வந்தால் நிற்கும். புதுவயல் அரிசி ஆலைகளின் நோட்டீசுகள் எல்லாம் அதில் தடையின்றி மாறியிருந்தன.

அச்சக உரிமையாளர் தாளைப் பார்த்தார். “பிளாப்பி கெட்டுப்போச்சு, பெரியவரே. நீங்களே எழுதிக் குடுத்திருங்க, கம்போஸ் பண்ணிருவோம்.”

“நான் என்னத்தங்க எழுத? சொன்னதெல்லாம் அவ. நான் கடைசியில ஆமென் சொல்ற ஆளு.”

உரிமையாளர் சிரித்தார், மிக்கேல் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

DIR கட்டளை கொடுத்துக் கோப்பின் அளவைப் பார்த்தேன். பல பக்கங்களுக்குரிய அளவு. சொற்கள் உள்ளேதான் இருந்தன. நிரல்தான் படிப்பதை நிறுத்தியிருந்தது. பிழைச் செய்தி எதுவும் இல்லை.

அடுத்து வரவேண்டிய எழுத்து ‘சூ’. மதுரை எழுத்துருவில் அதன் எண் 255. வாங்கும் எழுத்தை வைக்க நிரலில் char c; என்று அறிவித்திருந்தார்; char என்பது 256 மதிப்புகளுக்கு மட்டுமே இடமுள்ள வகை. getchar திருப்பித் தருவதோ அதைவிடப் பெரிய எண்வகையான int. அதை char-இல் அடைத்தால் 255 என்பது -1 ஆகிவிடும். EOF-இன் மதிப்பும் -1. அந்த அம்மையாரின் பெயருடைய முதல் எழுத்தையே கோப்பின் முடிவு என்று நிரல் எடுத்துக்கொண்டது. ஆலை நோட்டீசு எதிலும் அவ்வெழுத்து வந்ததில்லை.

char என்பதை int ஆக்கி மீண்டும் கம்பைல் செய்தேன். அச்சுப்பொறி ஓடத் தொடங்கியது. பெயர் வந்தது, பின்னால் செபங்கள் வந்தன. மிக்கேல் நின்றபடியே படித்தார். ஒவ்வொரு செபமும் முடியுமிடத்தில் அவர் உதடு மட்டும் அசைந்தது.

தாள்களை அடுக்கிக்கொண்டு கேட்டார்: “ஒங்க வீட்ல அவுக சுகமா இருக்காகளா, ஐயா?”

“இல்லை. போன வருடம் தவறிட்டாங்க.”

“பேரு என்ன?”

அந்த ஊரில் அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. உடனே வாயில் வரவில்லை. அவர் காத்திருந்தார்.

“லலிதா” என்றேன்.

“நாங்க வேதக்காரவுக. ஒங்களுக்கு ஆட்சேபனை இல்லைன்னா, பூசையில அவுக பேரையும் சேத்துச் சொல்லச் சொல்றேன்.”

ஆட்சேபனை இல்லை என்றேன். பூசையன்று கோயிலின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பெயர்களும் வாசிக்கப்பட்டன.

இளைய நிரலாளர்களுக்குச் சொல்ல வேண்டியது இது. getchar தருவதை int-இல் வாங்குங்கள். எல்லா எழுத்துகளும் அடங்கிய பிறகும், முடிவுக்கென ஓர் இடம் தனியே இருக்க வேண்டும். நிரல் பிழையின்றி நின்றது என்பதற்காகக் கோப்பு முடிந்துவிட்டதென்று கொள்ளாதீர்கள். உள்ளே இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.