இருபத்தெட்டாவது அடி

எங்கள் கார் செட்டில் இப்போது கார் இல்லை. ஒரு நீலத் தொட்டி, மணல் அடைத்த உருளை, கரி அடைத்த உருளை, சுவரில் படுக்கைவாக்கில் பொருத்திய வெள்ளைக் குழாய், இரண்டு மோட்டார்கள். கார் தெருவில் நின்று, உப்புக் காற்றில் கதவோரம் துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது.

மனைவிக்கு இரண்டாம் முறையும் சிறுநீரகத்தில் கல் வந்தபோது, மருத்துவர் முதலில் தண்ணீரை மாற்றச் சொன்னார். முத்தையாபுரத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் தெரு, மாநகராட்சிக் குழாயின் கடைசி நுனி. தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கேன் தண்ணீரை மனைவி நம்பவில்லை. அடுப்படியில் மாட்டும் சின்ன சுத்திகரிப்பு மிஷின் இந்த ஊர் உப்புக்கு ஆறு மாதம் தாங்காது என்றார் பொருத்த வந்தவர். அதனால் பெரிய மிஷின், அதற்கு இடம் கார் செட், அதன் பக்கத்திலேயே புதிதாக ஒரு போர் என்று முடிவாயிற்று.

எங்கள் பகுதி மண்ணில் மழைத்தண்ணீர் கீழே இறங்கி, உப்புத்தண்ணீரின் மேல் மெல்லிய அடுக்காக நிற்கிறது. வாளியால் இறைத்தால் அந்த நல்ல தண்ணீர் வரும். மோட்டார் வைத்து உறிஞ்சினால் அடியில் கிடக்கும் உப்பு மேலேறும். ஏறிய உப்பு லேசில் இறங்காது. உறைக்கிணறு வைத்திருக்கும் வீடுகளில் அதனால்தான் கயிறும் சின்ன வாளியும் மட்டும். விடியற்காலையில் இறைத்துவிட்டால் சாயங்காலம் வரை கிணற்றைத் தொடமாட்டார்கள். "கெணறு தூங்குது" என்பார்கள். இது தெருவில் குழந்தைகளுக்கும் தெரியும். எனக்கு இன்னும் கொஞ்சம் தெரியும். பத்திரிகையில் வேலை பார்த்த காலத்தில், இறால் பண்ணைகளை ஒட்டியிருந்த கிணறுகள் கெட்டுப்போனதைப் பற்றி மூன்று முறை எழுதியிருக்கிறேன்.

அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு இருந்தது அப்படி ஒரு உறைக்கிணறு. எங்கள் சுவரிலிருந்து பத்தடி. கணவர் துறைமுகத்தில் லாரி ஓட்டுபவர். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அந்தப் பெண் காலையில் வாசலில் இட்லியும் சாம்பாரும் விற்றார். பருப்பு பூவாக வெந்திருக்கும். பஸ்ஸுக்கு நிற்கும் கம்பெனி ஆட்கள் வரிசையில் நின்று வாங்குவார்கள். அந்த வியாபாரம் முழுக்க அந்தக் கிணற்றுத் தண்ணீரில் நின்றது.

போர் போட ஆட்கள் வந்த அன்று, கையில் மாவோடு சுவரருகே வந்து நின்றார்.

"எத்தன அடி அண்ணாச்சி?"

"எம்பதுக்குப் போவலாம்னு இருக்கோம்."

"போங்க, நல்லாப் போங்க. அங்கன பூரா உப்புதான். அதுக்கும் நம்ம தண்ணிக்கும் சோலியில்ல." முகம் தெளிந்து உள்ளே போனார்.

இருபத்தெட்டாவது அடியில் தண்ணீர் வந்தது. மிஷின் பொருத்துபவர் அதை ஒரு தம்ளரில் பிடித்து, உப்பளவு காட்டும் பேனா போன்ற மீட்டரை விட்டுப் பார்த்தார்.

"அருமையான தண்ணி அண்ணாச்சி. கீழ போவப் போவ உப்பு கூடும். இங்கனயே நிப்பாட்டுனா மெம்பரேன் ரெண்டு மடங்கு நாள் கெடக்கும். நிப்பாட்டவா? ஒங்க இஷ்டம்."

மெம்பரேன் என்பது அந்த வெள்ளைக் குழாய்க்குள் இருக்கும் சவ்வு. உப்பைப் பிரிப்பது அதுதான். நான் நிறுத்தச் சொன்னேன்.

மீதிக் குழாய்கள் வண்டியில் ஏறுவதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் மறுபடியும் வந்தார்.

"எம்பதுன்னீகளே?"

"இங்கனயே நல்ல தண்ணி கெடச்சிட்டு."

"அது என் தண்ணில்லா, அண்ணாச்சி." குரல் உயரவில்லை. "ஒங்க மிசின் உப்பத் திங்கும். என் கெணறு திங்காது. இன்னுங் கீழ போங்க."

"இதெல்லாம் தெரிஞ்சவுக சொல்லுதபடிதான் செய்ய முடியும்" என்றேன். பொருத்துபவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கருவிகளைப் பையில் போடத் தொடங்கினார்.

மிஷின் நன்றாக ஓடியது. நான்கு குடம் இழுத்தால் ஒரு குடம் நல்ல தண்ணீர். மூன்று குடம் கழிவு. அந்தக் கழிவில் முன்பிருந்ததைவிட உப்பு அதிகம். அதை வெளியேற்றும் குழாயைச் சுவரோரம் மணலில் விட்டிருந்தோம். வீட்டுக்கு வருகிறவர்களை மனைவி கார் செட்டுக்குக் கூட்டிப் போய்த் தம்ளரில் பிடித்துக் கொடுத்தாள். குடித்தவர்கள் எல்லாரும் இனிக்கிறது என்றார்கள்.

இரண்டு மாதம் கழித்து அடுத்த வீட்டுப் பெண் ஒரு செம்பில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார்.

"பருப்பு வேவமாட்டேங்கு. வழக்கமா வாங்குதவுக சாம்பாரு கரிக்குதுங்காக. குடிச்சுப் பாருங்க."

குடிக்கவில்லை. பொருத்துபவர் எங்களிடம் விட்டுப்போயிருந்த மீட்டரை எடுத்துவந்து செம்பில் விட்டு, எண்ணைக் காட்டினேன்.

"கெவர்மெண்டு சொல்லுத அளவுக்குள்ளதான இருக்கு."

"கெவர்மெண்டா வந்து என் அடுப்புல பருப்பு வேக வைக்குது?"

எங்கள் போர் ஓடத் தொடங்குமுன் ஒருநாள், அவர் வாசலில் இட்லி சாப்பிட்டபோது தம்ளர் தண்ணீரை அளந்து குறித்து வைத்திருந்தேன். இப்போது மீட்டர் காட்டியது அதைப்போல மூன்று மடங்கு. அதை அவரிடம் சொல்லவில்லை.

செம்பைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுக் கேட்டார். "ஐப்பசி மழ வாரது வரைக்கும் மோட்டார நிப்பாட்டுங்க, அண்ணாச்சி. ரெண்டு மழ எறங்குனா கெணறு எந்திச்சிரும். பொறவு நீங்க கீழ எறக்கிக்கிடலாம்."

சரி என்றேன். ஒன்பது நாள் நிறுத்தி வைத்தோம். பத்தாம் நாள் மனைவியின் தங்கை குடும்பத்தோடு வந்தாள். அன்று காலை நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது கார் செட்டில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. எழுந்து போய் நிறுத்த இருபது அடி நடக்க வேண்டும். அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். தங்கை ஊருக்குப் போன பிறகும் மோட்டார் நிற்கவில்லை.

மழை நன்றாகவே பெய்தது. பெய்த அவ்வளவையும் மோட்டார் இழுத்தது. தை மாதம் அந்தக் கிணற்று உறைகளின் உட்புறம் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. அந்தப் பெண் கிணற்றைத் தகர ஷீட்டால் மூடி, மேலே இரண்டு கல் வைத்தார். வாசலில் நின்ற வரிசையும் குறைந்தது. துணி துவைக்கக்கூட அந்தத் தண்ணீர் ஆகவில்லை, நுரை வருவதில்லை.

அப்போதுதான் மனைவிக்கு மனம் இளகியது. கார் செட்டின் வெளிச்சுவரில் ஒரு குழாய் வைக்கச் சொன்னாள். காலை ஆறு மணிக்கு மூன்று குடம் என்பது ஏற்பாடு. குடத்தை வீட்டில் கழுவிக் கொண்டுவர வேண்டும், சிந்தக்கூடாது, வேறு யாரையும் கூட்டி வரக்கூடாது. உள்ளிருந்து வால்வைத் திறப்பதை மனைவி தன் பொறுப்பில் வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் ஒருநாளும் தவறாமல் வந்தார். பருப்பு மறுபடியும் வெந்தது. வரிசை மெல்லத் திரும்பியது. "நம்ம குடுக்குற தண்ணியிலதான் அவ பொழப்பு ஓடுது" என்று மனைவி தெருவில் சொன்னாள். நானும் ஓரிரு இடங்களில் சொன்னேன்.

ஒருநாள் பலசரக்குக் கடையில் யாரோ அந்தப் பெண்ணிடம், எங்களைப்போல் நல்ல மனசு யாருக்கு வரும் என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு அவர், "என் கெணத்தக் குடிச்சிட்டு, எனக்கே குடத்துல ஊத்துதாவ" என்று சொன்னாராம். மனைவியின் காதுக்கு அது சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது.

மறுநாள் ஆறு மணிக்கு வால்வு திறக்கவில்லை. அந்தப் பெண் குழாயடியில் மூன்று குடத்தையும் வைத்துவிட்டுக் காத்து நின்றார். கால் மணி நேரம் கழித்து மனைவி வெளியே வந்தாள். நான் பின்னால் நின்றேன்.

"ஏளா, கடையில என்னமோ சொன்னியாமே?"

"என்ன மைனி?"

"ஒன் கெணத்த நாங்க குடிச்சிட்டோம்னு."

தெருவில் பஸ்ஸுக்குப் போகிறவர்கள் நடையை மெதுவாக்கினார்கள். அந்தப் பெண் தன் வீட்டு வாசலைப் பார்த்தார். அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் ஏற்கெனவே தட்டுக்காக நின்றிருந்தார்கள்.

"நான் அப்படிச் சொல்லல, மைனி."

"என்ட்ட ஏன் சொல்லுத? அண்ணாச்சியப் பாத்துச் சொல்லு."

என்னைப் பார்த்தார். முகத்தில் கோபமோ அழுகையோ இல்லை. நேரமாகிறது என்ற கவலை மட்டும்தான் இருந்தது.

"நான் அப்படிச் சொல்லல, அண்ணாச்சி."

சொன்னார் என்பது எனக்குத் தெரியும். சொன்னது உண்மை என்பதும் தெரியும். "சரி, விடு" என்றேன்.

மனைவி உள்ளே போய் வால்வைத் திறந்தாள். இரண்டாவது குடம் கழுத்துவரை வந்ததும் தண்ணீர் நின்றது. "இன்னைக்கு ரெண்டு போதும்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அந்தப் பெண் ஒரு குடத்தை இடுப்பில் வைத்து, ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு போனார். வெறுங்குடத்தை எடுக்க மறுபடியும் வந்தார். அன்று எட்டு மணிக்கே வியாபாரத்தை முடித்துக்கொண்டார். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டவர்களிடம், மாவு கொஞ்சமாகத்தான் அரைத்தேன் என்றார்.